புயலில் பண்பலை நின்றுவிட்டதா? எந்தக் குறிக்கு எங்கே கை வைப்பது

கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே, அலைச் சத்தம் கேட்கிற தூரத்தில் இருக்கும் ஒரு சின்ன சமுதாய வானொலியின் கோபுரத்தையும் டிரான்ஸ்மிட்டரையும் பார்த்துக்கொள்வது என் வேலை. 2011 டிசம்பர் 30 காலையில் தானே, 2020 நவம்பர் 25 நள்ளிரவை ஒட்டி நிவர், 2024 நவம்பர் 30 இரவில் ஃபெஞ்சல் என்று மூன்று புயல்களையும் இந்தக் கரையிலேயே இருந்து பார்த்தாயிற்று. மூன்றிலும் எங்கள் கோபுரம் விழவில்லை. மூன்றிலும் ஒலிபரப்பு நின்றது. தானேவில் நிறுத்தியது ஒரு தேக்கரண்டி உப்புத்தண்ணீர். நிவரில், திரும்பி வந்த கரண்ட். ஃபெஞ்சலில் டீசல்.

எல்லோரும் கோபுரத்தையே அண்ணாந்து பார்த்துக்கொண்டிருப்பார்கள். நான் பார்த்தவரை கோளாறு தரையிலோ, கேபிளின் மூட்டிலோதான் உட்கார்ந்திருக்கும். இரவுப் பணியில் தனியாக மாட்டிக்கொள்ளும் பிள்ளைகளுக்காக, கண்ணில் படும் குறியை வைத்துத் தேடுகிற மாதிரி இதை எழுதுகிறேன். வரிசையாகப் படிக்க வேண்டியதில்லை. ஆனால் அடுத்த இரண்டு பத்திகளை மட்டும் தாண்டிவிடாதீர்கள்.

புயலின் கண் நேராக நம் ஊரைக் கடந்தால், முதலில் வடக்கிலிருந்து அடித்த காற்று சட்டென்று அடங்கும். வானம்கூட வெளுக்கும். "விட்டுடுச்சுடா, ஏறிப் பாத்துட்டு வந்துடலாம்" என்று தோன்றுகிற நேரம் அதுதான். கொஞ்ச நேரத்தில் தெற்கிலிருந்து அதே வேகத்தில் திரும்ப அடிக்கும். அதுவரை, கோபுரத்தைச் சுற்றிலும் இழுத்துப் பிடிக்கிற ஸ்டே கம்பிகளில் ஒரு பக்கத்தவை தாங்கிய பாரம் முழுவதும் எதிர்ப்பக்கத்துக்கு மாறும். அந்த இடைவெளியில் கோபுரத்தில் ஆள் இருக்கக் கூடாது. கீழேயும் நிற்கக் கூடாது. 30 மீட்டர் கோபுரம் என்றால் அடியிலிருந்து எல்லாப் பக்கமும் 30 மீட்டர் தூரம் வரை அது விழக்கூடிய இடம்.

இரண்டாவது, நிலையத்துக்குள் இருக்கும் ரேடியோவை நம்பாதீர்கள். ஆன்டெனா அறுந்து தொங்கினாலும், டிரான்ஸ்மிட்டருக்குப் பத்தடி தள்ளி வைத்த பெட்டியில் குரல் கணீரென்று கேட்கும். டிரான்ஸ்மிட்டரிலிருந்து கசிகிற அலையே அதற்குப் போதும். எங்களுக்குத் தாழங்குடாவில் ஒரு ஆயா இருக்கிறார். இரண்டு பேனா பேட்டரி போடும் பழைய பெட்டி, சாயங்காலம் ஆனால் வாசலில். சந்தேகம் வந்தால் அவருக்குத்தான் முதல் போன். போன் கோபுரங்களும் படுத்துவிட்டால், சைக்கிளில் ஒரு கிலோமீட்டர் தள்ளிப் போய்க் கையில் ரேடியோவோடு கேட்டுவிட்டு வாருங்கள். இதைச் செய்யாமல் டிரான்ஸ்மிட்டரைத் திறக்காதீர்கள்.

உள்ளே கேட்கிறது, ஊருக்குள் கேட்கவில்லை

டிரான்ஸ்மிட்டரின் முகப்பில் இரண்டு அளவுகள் இருக்கும்: மேலே போகும் பவர், திரும்பி வரும் பவர். நாம் ஃபார்வர்டு, ரிஃப்ளெக்டட் என்போம். 100 வாட் போகும்போது 4 வாட் திரும்பினால் எஸ்டபிள்யூஆர் (கேபிளும் ஆன்டெனாவும் எவ்வளவு பொருந்துகின்றன என்று சொல்லும் எண், 1 என்றால் முழுப் பொருத்தம்) 1.5, அதோடு ஓட்டலாம். 11 வாட் திரும்பினால் 2. பவரைக் குறைத்துக்கொண்டு காரணத்தைத் தேடுங்கள். 25 வாட் திரும்பினால் 3. அதற்குள் நல்ல டிரான்ஸ்மிட்டர் தானாகவே பவரை இறக்கியிருக்கும். அது பழுது இல்லை, தன்னைக் காப்பாற்றிக்கொள்கிறது. ரீசெட் பட்டனை மூன்றாம் முறை அழுத்துகிறவன் கடைசி டிரான்ஸிஸ்டரைக் கொல்லப்போகிறான் என்று அர்த்தம்.

அளவைவிட, அது எப்படி ஏறுகிறது என்பதைக் கவனியுங்கள். இதை எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை, நொந்து கற்றது. காற்று வீசும்போது ஏறி, ஓயும்போது இறங்கினால், மேலே எதுவோ ஆடுகிறது: கிளாம்ப் விட்ட கேபிள், தளர்ந்த கனெக்டர், பாதி முறிந்த டைபோல் (இரண்டு கை கொண்ட ஆன்டெனா) கை. மழை தொடங்கி ஒன்றிரண்டு மணி நேரத்தில் 2, 3, 5 வாட் என்று மெல்ல ஏறினால், தண்ணீர் உள்ளே போகிறது. ஒரே தாவலில் ஏறி அங்கேயே நின்றால், அறுந்துவிட்டது அல்லது ஷார்ட் ஆகிவிட்டது. ஒரு நோட்டில் கால் மணிக்கு ஒருமுறை இந்த இரண்டு எண்ணையும் எழுதிவைத்தால் மேலே ஏறாமலேயே பாதி விடை கிடைத்துவிடும்.

அடுத்து, டிரான்ஸ்மிட்டரை அணைத்துவிட்டு ஆன்டெனா கேபிளைக் கழற்றி, ஆன்டெனாவுக்குப் பதிலாகப் பவரை வாங்கிச் சூடாக்கி விழுங்குகிற 50 ஓம் டம்மி லோடை மாட்டிக் குறைந்த பவரில் போடுங்கள். ரிஃப்ளெக்டட் பூஜ்யத்துக்கு வந்தால் டிரான்ஸ்மிட்டர் நல்லாயிருக்கிறது, கோளாறு கேபிளிலோ ஆன்டெனாவிலோதான். டம்மி லோடிலும் திரும்பினால் மேலே பார்க்க வேலையே இல்லை. டம்மி லோடு இல்லாத நிலையத்தில், டிரான்ஸ்மிட்டரா ஆன்டெனாவா என்ற சண்டை விடியும்வரை நடக்கும்.

தானே அன்று எங்களுக்கு இந்தச் சோதனை பத்து நிமிடத்தில் முடிந்துவிட்டது. ஏற முடிந்தது மறுநாள்தான். ஆன்டெனாவுக்குக் கீழே முதல் கனெக்டர். சுற்றியிருந்த கறுப்பு இன்சுலேஷன் டேப் வெயிலில் வெடித்து, ஓரம் பிரிந்து நின்றது. கழற்றினேன். திருகின் இடுக்கிலிருந்து பச்சை நிறத் தண்ணீர் கை மேல் வழிந்தது. நாக்கில் தொட்டுப் பார்த்தேன், உப்புக் கரித்தது. நடு ஊசி பச்சைப் பாசி பிடித்த மாதிரி இருந்தது. கேபிளின் வலைக்கம்பி திரி எண்ணெயை உறிஞ்சுகிற மாதிரி தண்ணீரைக் கீழே இழுத்திருந்தது. கத்தியால் ஒரு சாண் வெட்டினேன், கறுப்பு. இன்னொரு சாண், கறுப்பு. நாலடி போன பிறகுதான் பளபளவென்று செம்பு தெரிந்தது. மழைத் தண்ணீர் காய்ந்துபோகும். கடல்நீர் காய்ந்தாலும் உப்பு உள்ளேயே தங்கி, அடுத்த ஈரத்துக்கு உயிர் பிடிக்கும். துடைத்து மாட்டினால் ஒரு வாரம் ஓடும், அவ்வளவுதான். கறுத்த கேபிளை வெட்டித்தான் ஆக வேண்டும்.

அதற்குப் பிறகு எங்கள் மூட்டுகளுக்கெல்லாம் ஒரே முறைதான். ஒன்றோடொன்று ஒட்டிக் குழைந்துபோகும் ரப்பர் டேப்பை இழுத்து, கீழிருந்து மேலாகச் சுற்றுவோம். கூரை ஓடு அடுக்குகிற மாதிரி மேல் சுற்று கீழ்ச் சுற்றின் மேல் ஏறி நிற்கும், தண்ணீர் வழிந்துவிடும். அதன்மேல் வெயில் தாங்க இன்னொரு டேப். கேபிள் கட்டடத்துக்குள் நுழைகிற இடத்தில் ஒரு வளைவு கீழே தொங்கவிட்டிருக்கிறோம். மழை கேபிளோடு ஓடிவந்து அந்த வளைவின் அடியில் சொட்டிவிடும், சுவர் ஓட்டை வழியாக டிரான்ஸ்மிட்டரின் தலையில் இறங்காது. அக்டோபர் பிறப்பதற்குள் எல்லா மூட்டையும் கையால் தொட்டுப் பார்ப்பது என் வழக்கம்.

ஆன்டெனாவே போய்விட்டால்? 30 மீட்டர் உயரம் இப்போதைக்கு மறந்துவிடுங்கள். 90.4 மெகாஹெர்ட்ஸ் என்றால் தலா 79 சென்டிமீட்டரில் இரண்டு அலுமினியக் குழாய், நடுவில் கேபிளைப் பிரித்து மாட்டினால் ஒரு டைபோல் தயார். வேறு அலைவரிசைக்கு 7,125-ஐ மெகாஹெர்ட்ஸ் எண்ணால் வகுத்தால் ஒரு கையின் நீளம் சென்டிமீட்டரில் வரும். காற்று நன்றாக அடங்கிய பிறகு, தரையிலிருந்து 10 மீட்டர் உயரம் வரும்படி மொட்டை மாடியில் ஒரு இரும்புக் குழாயில் நிமிர்த்திக் கட்டி, 50 வாட்டில் ஓட்டுங்கள். ரிஃப்ளெக்டட் கொஞ்சம் காட்டும், பரவாயில்லை. 10 மீட்டர் உயரத்திலிருந்து வானொலி அலைக்கு அடிவானம் 13 கிலோமீட்டர். சோதித்துப் பார்த்த இந்த உதிரி ஆன்டெனா ஒன்று பரணில் இருப்பது நல்லது. புயலன்று குழாய் தேடிக் கடைக்குப் போக முடியாது, கடைக்காரரும் தன் வீட்டுக் கூரையைப் பிடித்துக்கொண்டிருப்பார்.

அலை வருகிறது, குரல் இல்லை

ரேடியோவில் "ஸ்ஸ்" என்ற இரைச்சல் அடங்கி மௌனமாக இருந்தால் டிரான்ஸ்மிட்டர் வேலை செய்கிறது, ஒலி வந்து சேரவில்லை. பெரும்பாலும் கணினியின் யுபிஎஸ் மூச்சு விட்டிருக்கும், அல்லது மிக்சரின் அடாப்டர் போயிருக்கும். தேடிக்கொண்டிருக்க வேண்டாம். பேட்டரியில் ஓடுகிற ஒரு போனையோ சின்ன மைக் மிக்சரையோ டிரான்ஸ்மிட்டரின் ஒலி உள்ளீட்டில் நேரடியாக மாட்டிப் பேசுங்கள். அந்த ஒயரை முன்கூட்டியே செய்து, டிரான்ஸ்மிட்டரின் பக்கத்திலேயே ஆணியில் தொங்கவிடுங்கள். ஸ்டுடியோ ஒரு கட்டடத்திலும் டிரான்ஸ்மிட்டர் இன்னொன்றிலும் இருந்தால், நடுவிலுள்ள இணைப்பு ஆன்டெனா திசை மாறியிருக்கலாம். ஒரு ஆளை டிரான்ஸ்மிட்டர் அறைக்கே அனுப்பி அங்கிருந்து பேச வைப்பதுதான் அன்றைக்கு வழி.

கூடவே "ம்ம்ம்" என்று ஹம் வந்தால் எர்த். ஜெனரேட்டருக்கு மாறியதும் வந்த ஹம் என்றால், ஜெனரேட்டரின் எர்த்தும் நிலையத்தின் எர்த்தும் இணைந்திருக்கிறதா பாருங்கள். சகிக்கிற அளவு இருந்தால் விட்டுவிடுங்கள். புயலன்று யாரும் இசையின் தரம் பார்ப்பதில்லை.

ஜெனரேட்டர் ஸ்டார்ட் ஆகிறது, இரண்டு நிமிடத்தில் அணைகிறது

ஃபெஞ்சலில் இதுதான். புதுச்சேரியில் ஒரே நாளில் 45 சென்டிமீட்டருக்கு மேல் மழை. தானே காற்றால் அடித்த புயல், ஃபெஞ்சல் தண்ணீரால் அடித்தது. ஜெனரேட்டர் தொட்டியின் மூடி ரப்பர் இற்றுப்போயிருந்ததை யாரும் கவனிக்கவில்லை, நானும்தான். டீசலைவிடத் தண்ணீர் கனம், தொட்டியின் அடியில் போய் உட்காரும். குழாயும் அடியிலிருந்துதானே உறிஞ்சுகிறது.

ஃபில்டரின் அடியில் உள்ள திருகைத் தளர்த்தி ஒரு கண்ணாடி டம்ளரில் பிடியுங்கள். இரண்டு அடுக்காகப் பிரிந்து நின்றால் கீழே இருப்பது தண்ணீர். டீசல் மட்டும் வரும்வரை வடியவிட்டு, கைப் பம்பை அடித்துக் காற்றை வெளியேற்றி, பிறகு ஸ்டார்ட் செய்யுங்கள். காற்று பிடித்த லைனோடு செல்ஃபைத் திரும்பத் திரும்ப அடித்தால் பேட்டரியும் போய்விடும். கேனில் வாங்கி வைத்த டீசலை மெல்லிய துணியில் வடிகட்டி ஊற்றுங்கள், கேனின் கடைசி இரண்டு விரற்கடையை ஊற்றாதீர்கள். மழைக்குப் பயந்து ஜெனரேட்டரை அறைக்குள் இழுத்து வைத்துக் கதவைச் சாத்துகிறவர்களும் உண்டு. அந்தப் புகையில் இருக்கிற கார்பன் மோனாக்சைடு வாசமில்லாமலே ஆளைக் கொல்லும். வேண்டவே வேண்டாம்.

டீசல் கொஞ்சம்தான் இருக்கிறது என்றால் கணக்குப் பாருங்கள். எங்கள் 5 கேவிஏ ஜெனரேட்டர் மணிக்கு ஒரு லிட்டருக்குச் சற்று மேலே குடிக்கும். ஆனால் 50 வாட்டில் ஓடும் டிரான்ஸ்மிட்டரும் ஒரு மிக்சரும் சேர்ந்து 150 வாட்டுக்குள் அடங்கும். நல்ல 150 ஆம்பியர்-மணி பேட்டரி ஒன்றைப் பாதிவரை காலி செய்தாலே ஐந்து மணி நேரம் தாங்கும். அப்புறம் டீசல் எங்கே போகிறது? ஏசிக்கு. ஏசியை அணைத்து, கதவைத் திறந்து, மேசை விசிறியை டிரான்ஸ்மிட்டர் பக்கம் திருப்பிவிடுங்கள். 100 வாட்டைப் பாதியாக்கினால் இழப்பது 3 டெசிபல்தான். ஓரத்தில் இருக்கிற நேயருக்கு இரைச்சல் கூடும், நடுவில் இருப்பவருக்கு வித்தியாசமே தெரியாது.

கரண்ட் வந்ததும் புகை வந்தது

நிவருக்குப் பிறகு எங்களுக்கு நடந்தது. கரண்ட் வந்துவிட்டதென்று கைதட்டினோம். டியூப்லைட் வழக்கத்தைவிட வெள்ளையாக எரிந்தது, அடுத்து ஸ்டுடியோ அடாப்டர்கள் ஒவ்வொன்றாகப் பொட்டு பொட்டென்று போயின. எங்கேயோ மரக்கிளை விழுந்து நியூட்ரல் கம்பி அறுந்திருந்தது. நியூட்ரல் இல்லாவிட்டால் 230 வோல்ட் வரவேண்டிய இடத்தில் 400 வரைக்கும் ஏறலாம்.

அதனால் கரண்ட் போன உடனே மெயினை இறக்கிவிடுங்கள். திரும்பி வந்ததும், ஒரு பழைய குண்டு பல்பை மட்டும் போட்டு மல்டிமீட்டரில் வோல்டேஜைப் பாருங்கள். 210-க்கும் 245-க்கும் நடுவே கால் மணி நேரம் ஆடாமல் நின்றால்தான் மற்றதை ஏற்றுவது. பல்பு கண்ணைப் பறித்தால் மெயினை இறக்கி ஒயர்மேனைக் கூப்பிடுங்கள். ஜெனரேட்டரை, தெருக் கரண்ட் அல்லது ஜெனரேட்டர் என்று ஒன்றை மட்டும் இணைக்கிற சேஞ்ச்ஓவர் சுவிட்ச் வழியாக மட்டுமே இணையுங்கள். பிளக் பாயிண்டில் திருப்பிச் சொருகுகிற குறுக்குவழி இந்தப் பக்கம் நிறைய உண்டு. அந்தக் கரண்ட் தெருக் கம்பிக்குப் போய், தானே போன்ற புயலுக்குப் பிறகு ஆயிரக்கணக்கில் விழுந்த கம்பங்களை நட வந்திருக்கும் ஊழியர் ஒருவரைப் பிடிக்கும்.

கோபுரம் சாய்ந்த மாதிரி தெரிகிறது

மேகம் நகரும்போது எல்லாக் கோபுரமும் சாய்கிற மாதிரித்தான் தெரியும். தள்ளி நின்று, ஒரு கயிற்றில் கல்லைக் கட்டிக் கண்ணுக்கு நேரே தொங்கவிட்டு, கயிற்றோடு கோபுரத்தை ஒட்டிப் பாருங்கள். ஒரு திசையிலிருந்து மட்டும் பார்த்தால் போதாது. கால் வட்டம் சுற்றிப் போய் இன்னொரு முறை. உண்மையிலேயே சாய்வு இருந்தால் ஸ்டே கம்பிகளில் ஒன்று தளர்ந்து தொய்ந்திருக்கும், அல்லது கம்பியை முறுக்கி இறுக்குகிற டர்ன்பக்கிள் சுழன்று விட்டிருக்கும். தளர்ந்ததை மட்டும் முறுக்கிவிடாதீர்கள். எதிர்ப்பக்கத்தில் எவ்வளவு இழுவை என்று தெரியாமல் ஒன்றை முறுக்கினால் நடுவில் வளையும். அது கோபுரம் நிறுத்துகிற ஆட்களின் வேலை. நம் வேலை ஆட்களை விலக்கி, பவரை அணைத்துக் காத்திருப்பது.

நம் ஊரில் ஸ்டே கம்பிக்கு எமன் பெரும்பாலும் தென்னை. கம்பியின் மேல் சாயக்கூடிய தூரத்தில் மரம் நின்றால் புரட்டாசியிலேயே தோட்டக்காரரிடம் பேசிவிடுங்கள். அடுத்த எமன் ஃப்ளெக்ஸ். காற்றின் அழுத்தம் வேகத்தின் இருமடியில் ஏறும்: 70 கிலோமீட்டர் வேகத்தில் சதுர மீட்டருக்கு 23 கிலோ என்றால், 140-இல் 92 கிலோ. எட்டடிக்கு நாலடி திருவிழா பேனர் ஒன்றைக் கோபுரத்தில் கட்டிவிட்டு மறந்துபோனால், தானே மாதிரியான காற்றில் அது 270 கிலோ இழுக்கும். இந்தக் கரைக்கு இந்தியத் தரநிலை சொல்லும் அடிப்படைக் காற்று வேகம் நொடிக்கு 50 மீட்டர், அதாவது மணிக்கு 180 கிலோமீட்டர். கோபுரத்தை அதற்குக் கணக்குப் போட்டுத்தான் கட்டுகிறார்கள், பேனருக்கு இல்லை. "ரெண்டு நாள்தான் அண்ணே, கழட்டிடுறோம்" என்பார்கள். துறைமுகத்தில் மூன்றாம் எண் கூண்டு ஏற்றியதுமே நானே கழற்றிவிடுவேன். திட்டு வாங்கினாலும் சரி.

தண்ணீர் ஏறுகிறது

மழை நின்ற பிறகும் இது வரும். ஃபெஞ்சல் கரையேறி, சாத்தனூர் அணை திறந்து, தென்பெண்ணையில் வெள்ளம் வந்தபோது இங்கே வெயில் அடித்துக்கொண்டிருந்தது என்று சொல்லலாம். ரேக்கின் கீழ்த்தட்டில் எப்போதும் எதையும் வைக்காதீர்கள். தண்ணீர் வாசற்படியைத் தொட்டால் முதலில் பேட்டரியைக் கழற்றி மேசைமேல் ஏற்றுங்கள், பிறகு டிரான்ஸ்மிட்டர். நனைந்த பெட்டியை "காய்ஞ்சிடுச்சு" என்று போட்டுப் பார்க்காதீர்கள்.

மத்திய அலை (மீடியம் வேவ்) நிலையங்களுக்கு இது வேறு கதை. அங்கே கோபுரத்தில் ஆன்டெனா கட்டியிருக்காது. பீங்கான் இன்சுலேட்டர் மேல் நிற்கிற கோபுரமேதான் ஆன்டெனா. புதுவை வானொலியின் பழைய நேயர்கள் அறிந்த 1215 கிலோஹெர்ட்ஸுக்குக் கால் அலைநீளமே 62 மீட்டர் வரும். அடி இன்சுலேட்டரில் உப்பு படிந்தால் பொறி பறக்கும், அடிவாரத்து டியூனிங் அறையில் தண்ணீர் புகுந்தால் எல்லாம் நிற்கும். ஆனால் ஓடினால், நம் சின்ன பண்பலை எட்டாத தூரத்துக்கு அதன் தரை அலை போகும்.

எல்லாம் சரி, ஆனால் சொல்ல ஒன்றுமில்லை

சமுதாய வானொலி சொந்தமாகச் செய்தி சேகரித்து வாசிக்க முடியாது. ஆனால் இயற்கைச் சீற்றம், மின்சாரம், குடிநீர் பற்றி உள்ளாட்சி நிர்வாகம் தருகிற அறிவிப்புகளைச் சொல்ல விதி இடம் தருகிறது. வாட்ஸ்அப்பில் வந்த "அணை உடைந்தது" என்பதை வாசிப்பவரைக் கையைப் பிடித்து நிறுத்துங்கள். யார் சொன்னார், எத்தனை மணிக்கு என்று தாளில் எழுதாத எதையும் மைக்குக்குக் கொடுக்காதீர்கள்.

முற்றிலும் படுத்துவிட்டால் பக்கத்து நிலையத்துக்கு ஆளோடும் குறிப்பு நோட்டோடும் போய்விடுங்கள். 2005-இல் கத்ரீனா அடித்தபோது அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸில், நேயர்களுக்காக அடித்துக்கொண்டிருந்த போட்டி வானொலிகளே ஒன்றாகச் சேர்ந்து ஒரே ஒலிபரப்பாக ஓட்டின. நமக்குள் அந்த அளவு போட்டிகூடக் கிடையாது.

ஆயா மட்டும் கேட்கிறார், மற்றவர்கள் கேட்கவில்லை

இது நேயர் பக்கத்துக் கோளாறு. பட்டன் போனில் பண்பலை கேட்பவர்களுக்கு இயர்போன் ஒயர்தான் ஆன்டெனா. அதை மாட்டாமல் "வரவே இல்ல" என்பார்கள். ஸ்பீக்கரில் கேட்டாலும் ஒயர் மாட்டியிருக்க வேண்டும் என்று மணிக்கு ஒருமுறை சொல்லுங்கள். தானேவுக்குப் பிறகு கரண்ட் இல்லாத நாட்களில் ஜெனரேட்டர் வைத்த கடைகளில் காசு கொடுத்து போனுக்குச் சார்ஜ் ஏற்றினார்கள். அந்தச் சார்ஜை நம்மைக் கேட்டே தீர்க்கச் சொல்வது நியாயமில்லை. அதனால் நாள் முழுவதும் ஓட்டாமல், காலை 7, பகல் 12, மாலை 4, இரவு 8 என்று நேரம் குறித்து, ஒவ்வொரு முறையும் கால் மணி நேரம். டீசலும் மிச்சம், பேட்டரியும் மிச்சம். ஆனால் சொன்ன நேரத்துக்கு ஒரு நிமிடம் பிசகக் கூடாது.

ஃபெஞ்சலுக்கு மறுநாள், அந்தத் தண்ணீர் கலந்த டீசலோடு மல்லாடி, காலை ஒலிபரப்பை 7:04-க்குத்தான் ஆரம்பிக்க முடிந்தது. போனை எடுத்துப் பார்த்தால் 7:02-க்கே தாழங்குடாவிலிருந்து ஒரு மிஸ்டு கால்.